பாண் தாங்கி தேடுகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய சாமான் கடை

பழைய டோஸ்ட் ராக், அதாவது வாட்டின பாண் துண்டுகளை நிமிர்த்தி வைக்கிற தாங்கி, யாழ்ப்பாணத்தில் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இந்தக் கடையைப் பற்றி ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகளைத் தாண்டி ஓர் ஒழுங்கைக்குள் இறங்கினால், ஓட்டு வீட்டு விறாந்தையில் தையல் மெசின், பெற்றோமக்ஸ், மூக்குப்பேணி, வெற்றிலைத் தட்டம், வால்வு றேடியோ எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அதுதான் கடை. வைத்திருப்பவர் எழுபதைத் தாண்டிய ஓர் ஐயா. காலை பத்து மணிக்குத் திறப்பார், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பூட்டினால் பின்னேரம் நாலு மணிக்கு மேல்தான் மறுபடி திறப்பார். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலுக்குப் போய்விடுவார், அன்றைக்குப் போய் அலையாதீர்கள்.

எனக்கு இந்தச் சாமானில் ஏன் இவ்வளவு பற்று என்றும் சொல்ல வேண்டும். என் அப்பப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்து பென்சனோடு ஊருக்கு வந்தவர். அவருடைய மேசையில் வளைந்த கம்பிகள் வரிசையாக நிற்கிற, நடுவில் ஒரு வளையம் உள்ள வெள்ளை உலோகச் சாமான் ஒன்று இருந்தது. அதில் கறண்ட் பில், பென்சன் கடிதம், கலியாணக் காட் எல்லாம் செருகியிருக்கும். கடிதம் வைக்கிற ஸ்டாண்ட் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு எல்லோரோடும் நாங்களும் வெளிக்கிட்டோம். திரும்பி வந்தபோது மேசையும் இல்லை, அதுவும் இல்லை. கனகாலத்துக்குப் பிறகு ஒரு படத்தில் அதே சாமானுக்குள் வாட்டின பாண் துண்டுகள் நிற்பதைப் பார்த்துத்தான் அது என்னவென்று விளங்கியது. அன்று தொடங்கிய தேடல்தான் இது. இப்போது என்னிடம் ஏழு தாங்கிகள் இருக்கின்றன, அதில் நாலு இந்த ஐயாவிடம் எடுத்தவை.

நான் பாண் தாங்கி என்றே சொல்கிறேன், ஐயாவுக்கு அது பாண் ஸ்டாண்ட். இங்கிலாந்தில் 1770கள் முதல் வெள்ளியில் செய்யப்பட்டு வருகிற பொருள் இது. வேலை மிகவும் எளிமையானது. சுடச்சுட வாட்டின பாணில் இருந்து நீராவி போய்க்கொண்டே இருக்கும், துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அந்த ஆவி நடுவில் மாட்டிப் பாண் நமநமத்துப் போகும், தனித்தனியே நிமிர்த்தி வைத்தால் ஆவி வெளியேறி மொறுமொறுப்பு நிற்கும். ஆனால் பாண் கெதியாக ஆறிவிடும் என்பது அந்தக் குளிர் ஊரில் பெரிய குறை. நமக்கு இங்கே அந்தக் குறையே பெரிதாகத் தெரிவதில்லை, பங்குனி சித்திரையில் பத்து நிமிடம் கழித்து எடுத்தாலும் துண்டு இளஞ்சூடாகவே இருக்கும். கம்பிகள் ஐந்து இருந்தால் நாலு துண்டு நிற்கும், ஏழு இருந்தால் ஆறு. நடுவில் உள்ள வளையம் மேசையில் கைமாற்றுவதற்கு.

சரி, கடைக்கு வருவோம். முதலாவது தடவை ஐயா எடுத்துக் காட்டியது ஏழு கம்பித் தாங்கி. குண்டுக்கால் நாலு, கம்பிகள் கோபுர வாசல் போல மேலே கூராக முடிகின்றன. பார்த்தவுடனே பிடித்துப்போய்க் காசைக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுத்த நாள் காலையில் பாண் வெட்டி வாட்டிச் செருகப் பார்த்தால் ஒரு துண்டும் இறங்கவில்லை. கம்பிகளுக்கு நடுவில் ஒரு விரல் இடைவெளிதான். நாங்கள் வீட்டில் 450 கிராம் அச்சுப் பாணை வாங்கிக் கையால் வெட்டும்போது துண்டு ஒன்றரை விரல், இரண்டு விரல் தடிப்பில்தான் வரும். மெல்லிசாக வெட்டினால் நம் பாண் உதிர்ந்துவிடும். இங்கிலாந்துக்காரர் மெல்லிய துண்டை நினைத்துச் செய்த சாமான் அது. இதை எந்த வாங்கும் வழிகாட்டியிலும் யாரும் எழுதவில்லை, எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் வாங்குகிற ஒருவருக்கு முத்திரை, வயசு, விலை எல்லாவற்றையும் விட முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளிதான் என்று நான் திடமாகச் சொல்லுவேன். பாண் நிற்காத தாங்கி திரும்பவும் கடித ஸ்டாண்டாகத்தான் போகும்.

அடுத்த முறை போகும்போது வீட்டில் வெட்டின ஒரு துண்டைப் பையில் சுற்றிக் கொண்டு போனேன். ஐயா கோபிப்பாரோ என்று பயம் இருந்தது. அவர் பார்த்துவிட்டு, "வைச்சுப் பார் பிள்ளை, அதுக்குத்தானே செய்தது" என்று தாங்கியைத் துடைத்துக் கையில் தந்தார். இந்தக் கடைக்கு நான் நல்ல மதிப்பு வைத்திருப்பதற்கு அதுவே முதல் காரணம். எதையும் தூக்கிப் பார்க்கலாம், கவிழ்த்துப் பார்க்கலாம், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்க்கலாம், அரை மணித்தியாலம் நின்று ஒன்றும் எடுக்காமல் வந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். அவசரப்படுத்துவதும் இல்லை. ஒருமுறை மழைக்கு ஒதுங்கி நின்றபோது தேத்தண்ணியும் தந்தார்.

ஆனால் ஒரு குறையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெள்ளையாக இருக்கிற உலோகம் எல்லாம் அவருக்கு வெள்ளி. "வெள்ளி தான் பிள்ளை, நான் பொய் சொல்ல மாட்டன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, விற்றுவிட்டுப் போனவர்கள் அப்படிச் சொல்லியிருப்பார்கள். என்னுடைய ஏழு கம்பித் தாங்கியை அடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஈ.பி.என்.எஸ். (EPNS) என்று இருக்கிறது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தின் மேல் மின்சாரத்தால் வெள்ளி பூசியது என்று அதற்குப் பொருள். அந்த முறைக்கு 1840இல் காப்புரிமை எடுத்தவர்கள் பேர்மிங்காமைச் சேர்ந்த எல்கிங்டன் குடும்பத்தார். அதற்குப் பிறகுதான் நடுத்தரக் குடும்பத்து மேசைக்கும் இந்தச் சாமான் வந்தது. அதனால் ஊரில் கிடைப்பதில் பெரும்பகுதி இந்தப் பூச்சு வகை. இது கீழானது என்று நினைக்க வேண்டாம், என் மேசையில் தினமும் நிற்பது பூச்சுத் தாங்கிதான். வெள்ளி விலை கொடுக்காமல் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையான ஆங்கிலேய வெள்ளி என்றால் நடக்கிற சிங்கம் ஒன்று பொறித்திருக்கும், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கு அது சாட்சி. பக்கத்தில் உள்ள இன்னோர் அடையாளம் சோதித்த ஊரைச் சொல்லும்: நங்கூரம் இருந்தால் பேர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன், பழைய சாமானில் கிரீடம் இருந்தால் ஷெபீல்ட். கடலே இல்லாத பேர்மிங்காமுக்கு நங்கூரம் வந்தது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். கூடவே ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், அது ஆண்டைச் சொல்லும். பழைய சாமானில் அரசனின் அல்லது அரசியின் தலையும் சேர்ந்திருந்தால் அது வரி கட்டிய அடையாளம், 1784 முதல் 1890 வரை போட்டது. ஆனால் கவனம், பூச்சு வேலைக்காரரும் நாலைந்து எழுத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் வரிசையாகக் குத்தியிருப்பார்கள், தூரத்தில் பார்த்தால் அதே முத்திரை போலத் தெரியும். சிங்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு, அது உதவாது. வெள்ளியிலும் ஒட்டாது, இந்த நிக்கல் கலவையிலும் ஒட்டாது. பூச்சு தேய்ந்த விளிம்பைப் பார்ப்பது நல்ல வழி. மங்கலான மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் நிக்கல் கலவை, செம்பு சிவப்பாய் எட்டிப் பார்த்தால் செம்புத் தகட்டோடு வெள்ளித் தகட்டை ஒட்டிச் செய்த பழைய ஷெபீல்ட் வேலையாக இருக்கலாம், அது மின்பூச்சுக்கு முந்தியது.

இந்த ஐயாவிடம் இதுவரை ஒரே ஒரு உண்மையான வெள்ளித் தாங்கிதான் எடுத்திருக்கிறேன். ஐந்து கம்பி, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, நங்கூர முத்திரை, எழுத்தை அட்டவணையில் தேடினால் 1930களின் நடுப்பகுதி. அதையும் அவர் மற்றதைப் போலவே வெள்ளி என்றுதான் சொன்னார். சிங்கத்தை லென்ஸில் அவருக்குக் காட்டினேன், காட்டாமல் வாங்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸைக் கிட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தார். 45,000 ரூபாய்க்கு முடிந்தது. பூச்சுத் தாங்கிகள் 7,000 முதல் 12,000 வரை கேட்பார், கொஞ்சம் குறைப்பார், அதிகம் இழுத்துப் பேசாதீர்கள்.

மினுக்குகிற விஷயத்தில் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். இது இந்தக் கடையில் நடந்ததில்லை. ஒரு பூச்சுத் தாங்கி கறுத்துப் போயிருந்ததால் நகை வேலை செய்கிற ஓர் இடத்தில் கொடுத்தேன், அவர்கள் மெசினில் பிடித்துப் பூச்சையே எடுத்துவிட்டார்கள். திரும்பித் தந்தபோது கம்பிகளின் முதுகெல்லாம் மஞ்சளடித்துக் கிடந்தது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால், முட்டை பட்டாலும் அப்படித்தான். வீட்டில் குத்துவிளக்குக்கும் கிண்ணத்துக்கும் அம்மா திருநீறு போட்டு மினுக்குவா, கட்டி வெள்ளிக்கு அது சரி, பூச்சுக்கு அடிக்கடி செய்தால் தேய்ந்துவிடும். புளி, எலுமிச்சை எல்லாம் பித்தளையோடு நிற்கட்டும். இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், பழைய பருத்திச் சேலைத் துண்டு போதும். ஒன்று மட்டும், நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கழுவினவுடன் துடைக்காவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும்.

பீங்கான் தாங்கிகள் இங்கே குறைவு, வந்தாலும் உடைசல் இல்லாமல் வருவது அரிது. ஐயாவிடம் நான் எடுத்தது கார்ல்டன் வெயார் செய்த இலை வடிவத் தாங்கி. இங்கிலாந்தில் ஸ்டோக் பக்கத்துத் தொழிற்சாலை அது. அடியில் ஆஸ்திரேலியாவில் பதிவு செய்த வடிவம் என்று அச்சிட்டிருந்ததால் ஐயா அதை ஆஸ்திரேலியச் சாமான் என்று தனியே வைத்திருந்தார். ஜப்பானில் அதே மாதிரியைப் பார்த்துச் செய்வதைத் தடுக்க 1930களில் இப்படிப் பதிவு செய்தார்கள், செய்த இடம் இங்கிலாந்துதான். பீங்கானை வாங்கும்போது ஒரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் தட்டுங்கள். ணங் என்று நீண்டு கேட்டால் நல்லது, டொக் என்றால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. மேல் மினுக்கத்தில் மயிரிழைக் கோடுகள் வலை போல இருந்தால் பார்வைக்கு வைக்கலாம், பட்டர் படுகிற பாவனைக்கு வேண்டாம், எண்ணெய் உள்ளே இறங்கிப் பழுப்பாகி மணக்கத் தொடங்கும். பீங்கானில் எனக்குப் பிடித்த விஷயம் தடுப்புகளின் இடைவெளி. எனக்குக் கிடைத்ததில் நம் பாண் தாராளமாக நின்றது.

பொதி செய்கிற முறை மட்டும் சரியில்லை. பழைய பேப்பரில் சுற்றிச் சணல் கட்டித் தருவார், பீங்கானுக்கு அது காணாது. நான் ஒரு துவாய் கொண்டு போவேன். பற்றுச்சீட்டு கேட்டால்தான் எழுதுவார், கேளுங்கள். வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிற உறவுகளுக்கு ஒரு சொல்: பழைய பொருட்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும், வாங்குவதற்கு முன்னமே விசாரியுங்கள். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் நின்று கலங்க வேண்டி வரும்.

வீட்டில் இப்போது ஞாயிறு காலை இந்தத் தாங்கிகள் மேசைக்கு வரும். பூச்சுத் தாங்கியில் வாட்டின பாண், பீங்கானில் பிள்ளைகளுக்கான துண்டு, பக்கத்தில் பட்டர், சீனிச்சம்பல், கறுத்தக்கொழும்பான் காலமென்றால் வீட்டில் காய்ச்சிய மாம்பழ ஜாம். சம்பல் எண்ணெய் தாங்கியில் பட்டால் உடனே கழுவுவேன், அதற்காக அலுமாரிக்குள் பூட்டி வைக்க மாட்டேன். அம்மா முதலில், "வெள்ளிச் சாமானை ஏன் பிள்ளை பாணுக்கு எடுக்கிறாய்" என்று தடுத்தா. இப்போது அவவே வளையத்தில் பிடித்து எனக்குத் தள்ளிவிடுகிறா. அப்பப்பாவின் மேசையில் நின்றதைப் போல ஏழு கம்பியும் குண்டுக்காலும் உள்ளது அந்த முதல் தாங்கிதான், பாண் நிற்காததும் அதுதான், அதை மட்டும் என் மேசையில் பில்களுக்கு வைத்திருக்கிறேன்.

போன கிழமை போனபோது இரண்டு தாங்கிகள் கடையில் இருந்தன. ஒன்று நேர்க் கம்பிகள் மட்டும் உள்ள பூச்சு வேலை, பூவேலை எதுவும் இல்லை. கிறிஸ்தோபர் டிரெசர் என்ற வடிவமைப்பாளர் 1880களில் கொடுத்த எளிய வடிவங்களை நினைவூட்டியது, ஆனால் அடியில் செய்தவர் முத்திரை எதுவும் இல்லை, எனவே அந்தப் பெயருக்காகக் காசு கொடுக்க வேண்டாம். மற்றது மஞ்சள் பீங்கான், ஒரு மூலையில் நகக்கண் அளவு உடைசல், தட்டினால் சத்தம் நன்றாக இருக்கிறது. அதற்குள் என் துண்டு சரியாக நின்றது, ஐயா 6,500 சொன்னார், அந்த நேரம் கையில் காசு போதாமல் வைத்துவிட்டு வந்தேன். இதை வாசித்துவிட்டு யாராவது எனக்கு முந்தி எடுத்தால் மூலையை உரசாமல் கழுவுங்கள்.