சரளைப் பாதையோர மண் தாங்கு சுவர்: எந்தப் பக்கத்துக்கு எது பொருந்தும்?

சரிவான நிலத்தில் வாகனம் வந்து போகச் சரளைப் பாதை அமைப்பவர்கள், ஓரத்துச் சுவரைக் கல்லில் எழுப்புவதா கான்கிரீட்டில் எழுப்புவதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பே முடிவாக வேண்டியது, அந்தச் சுவர் பாதைக்கு மேட்டுப் பக்கம் நிற்கப்போகிறதா, பள்ளத்துப் பக்கம் நிற்கப்போகிறதா என்பது. மேட்டுப் பக்கச் சுவர், வெட்டி விட்ட மண் பாதைமேல் சரியாமல் பிடிக்கிறது. வாகனம் அதன் காலடியில் ஓடுவதால் வண்டியின் எடை அதன் முதுகில் விழுவதில்லை. பள்ளத்துப் பக்கச் சுவரோ பாதையையே தாங்கி நிற்கிறது. மேலே செல்லும் ஒவ்வொரு சக்கரமும் மண்ணை அழுத்தி, அந்த மண் வழியாகச் சுவரை வெளியே தள்ளுகிறது. உயரமும் மண்ணும் ஒன்றாகவே இருந்தாலும் இந்த இரண்டு சுவர்களுக்கும் ஒரே விடை கிடையாது என்பதே இந்த அலசலின் அடிப்படை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரு தோராயக் கணக்கில் பார்த்துவிடலாம். 1776-இல் பிரெஞ்சுப் பொறியாளர் கூலோமும் 1857-இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரேங்கினும் வகுத்த மண் அழுத்தக் கோட்பாடுகள்தாம் இன்றும் இதற்கு அடித்தளம். நன்றாக நீர் வடியும், மணல் கலந்த சாதாரண மண்ணை 1 மீட்டர் உயரத்துக்குத் தாங்கும் சுவர்மீது, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 300 கிலோ பக்கவாட்டுத் தள்ளல் விழுகிறது. அது அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் செயல்படுகிறது. பாதையின்மேல் சதுர மீட்டருக்கு ஒரு டன் வாகனச் சுமை வரும் என்று வைத்துக்கொண்டால், அது மேலும் 330 கிலோ தள்ளலைச் சேர்க்கிறது. அதுவும் சுவரின் நடு உயரத்தில் சேர்க்கிறது. இரண்டையும் கூட்டினால் தள்ளல் இரு மடங்காகிறது, சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசையோ இரண்டரை மடங்கையும் தாண்டுகிறது. உயரத்தைப் பொறுத்தவரை இன்னும் கடுமை: மண் மட்டும் இருந்தாலும், உயரம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்கும், கவிழ்க்கும் விசை எட்டு மடங்கும் ஆகும்.

இதற்கு அடுத்தபடியாக நீர். சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி நின்றால், அதே 1 மீட்டர் சுவரில் நீரின் அழுத்தம் மட்டுமே 500 கிலோ அளவுக்கு வரும். நீரில் மூழ்கிய மண்ணின் தள்ளல் பாதியாகக் குறைந்தாலும் மொத்தம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். சரளைப் பாதை மழைநீரை மேலேயே வழித்து விடாமல் உள்ளே இறங்க விடுவது. ஆகவே தார்ப் பாதை ஓரத்தைவிட இங்கே சுவரின் முதுகுக்கு அதிக நீர் வந்து சேரும். எந்தப் பொருளில் கட்டினாலும், சுவருக்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தூசியில்லாத 20 மில்லிமீட்டர் ஜல்லி, அடியில் 100 மில்லிமீட்டர் துளைக் குழாய், அது நீரைக் கொண்டுபோய் விட ஒரு வெளிவாய், ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி ஆகியவை தவிர்க்க முடியாதவை. செலவைக் குறைக்கப் பலர் முதலில் கைவைப்பது இந்தப் பகுதியில்தான். மண் தாங்கு சுவர்கள் சாய்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இனிப் பொருள்களுக்கு வரலாம். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கும் சுவர், மேட்டுப் பக்கத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. நீர் அதன் இடுக்குகள் வழியே தானாக வடிகிறது. நிலம் சற்று அமுங்கினாலும் கற்கள் ஒன்றோடொன்று நகர்ந்து இடம் பிடித்துக்கொள்கின்றன. ஓரிடம் சரிந்தாலும் அதே கற்களைக் கொண்டே அந்த இடத்தை மட்டும் மீண்டும் கட்டலாம். உயரத்தில் பாதியளவாவது அடிக்கனம் வேண்டும். முகம் மண் பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். சுவரின் முழுக் கனத்தையும் குறுக்காகக் கடக்கும் நீளக் கற்கள் இடையிடையே வர வேண்டும். உள்ளிடைவெளிகளில் சக்கைக் கல்லைக் கையால் இறுக்கி வைக்க வேண்டும், அள்ளிக் கொட்டக் கூடாது. கட்டுபவரின் கை நன்றாக இருந்தால்தான் இந்தச் சுவர் நன்றாக இருக்கும் என்பது இதன் ஒரே பெரிய நிபந்தனை.

ஆனால் இதே சுவரைப் பள்ளத்துப் பக்கம் கொண்டுபோனால் கணக்கு மாறிவிடுகிறது. 1 மீட்டர் உயரமும் அரை மீட்டர் கனமும் கொண்ட கல் அடுக்கு, மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் எடை இருக்கும். அந்த எடை கவிழ்வதை எதிர்க்கும் திருப்புவிசை 250 கிலோ-மீட்டர் (கிலோவில் விசையை, அது செயல்படும் தூரத்தின் மீட்டரால் பெருக்கிய அளவு). மண் மட்டும் தள்ளினால் கவிழ்க்கும் விசை 100 தான்; இரண்டரை மடங்கு பாதுகாப்பு கிடைக்கிறது. வாகனச் சுமையும் சேர்ந்தால் கவிழ்க்கும் விசை 267 ஆகிறது. அதாவது முகச்சாய்வு தரும் சிறு உதவியை விட்டுவிட்டால், கணக்கின்படி அந்தச் சுவர் நிற்கவே கூடாது. மேட்டுப் பக்கத்தில் பல தலைமுறை நிற்கக்கூடிய சுவர், பள்ளத்துப் பக்கத்தில் கனமான லாரி ஒன்று ஓரமாக ஒதுங்கினால் போய்விடலாம்.

அதே கல்லைச் சிமென்ட் சாந்தில் கட்டினால் பலம் கூடிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சாந்து கற்களைப் பிணைக்கிறது, உண்மைதான். ஆனால் சுவரின் எடையை அது அதிகமாகக் கூட்டுவதில்லை, நீர் வடியும் வழிகளையோ அடைத்துவிடுகிறது. சாந்துக் கட்டு விறைப்பானது. அடியில் நிலம் சீரின்றி அமுங்கினால் வளையாமல் வெடிக்கும். நீர் வடி துளைகளை ஒன்றரை முதல் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக விட்டு, அவற்றின் பின்வாயில் ஜல்லியும் துணியும் வைத்து, உயரத்தில் பாதிக்கும் மேலான அடிக்கனத்தோடு கட்டினால் இது நன்றாக நிற்கும். வெறும் முகப்பு அழகுக்காக 30 சென்டிமீட்டர் கனத்தில் எழுப்பும் சாந்துச் சுவரைப் பாதை தாங்கப் பயன்படுத்துவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேபியன் என்னும் கம்பிக்கூடைச் சுவர், கல் அடுக்கின் குணங்களை வைத்துக்கொண்டு அதன் எடைக் குறையைத் தீர்க்கிறது. 1 மீட்டர் உயரமும் 1 மீட்டர் அகலமும் உள்ள கூடை, கல் நிரம்பியதும் மீட்டர் நீளத்துக்கு 1.7 டன் அளவில் இருக்கும். கவிழ்வதற்கு அதன் எதிர்ப்பு ஏறக்குறைய 850 கிலோ-மீட்டர். மேலே சொன்ன 267 என்ற விசைக்கு எதிரே இது மூன்று மடங்குக்கும் அதிகம், வழுக்கலுக்கு எதிரான பாதுகாப்பும் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு வருகிறது. தேர்ந்த கொத்தனார் கிடைக்காத இடத்திலும், முகப்புக் கற்களைக் கையால் அடுக்கி, முன்முகத்தையும் பின்முகத்தையும் இழுப்புக் கம்பியால் கட்டும் பொறுமை இருந்தால் போதும். இழுப்புக் கம்பியை விட்டுவிட்டு இயந்திரத்தால் கல்லைக் கொட்டினால், முகம் வயிறு தள்ளியதுபோல் வெளியே புடைத்துவிடும், பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. கூடையின் ஆயுள் கம்பியின் ஆயுள்தான்; ஆகவே வெறும் துத்தநாகப் பூச்சைவிடத் துத்தநாகம்-அலுமினியம் கலவைப் பூச்சுள்ள கம்பியை வாங்குவது நல்லது, உப்புக் காற்று வீசும் இடமானால் அதன்மேல் பிளாஸ்டிக் உறையும் வேண்டும்.

சரளைப் பாதைக்கு அடுத்து நிற்கும் கம்பிக்கூடையில் ஒரு நுணுக்கம் உண்டு. கூடைக் கற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் இருப்பதால், பின்புறம் ஜியோடெக்ஸ்டைல் துணி இல்லையென்றால், ஒவ்வொரு மழையிலும் பாதையின் நுண்மண் அவற்றின் வழியாகக் கசிந்து வெளியேறும். சுவர் அசையாமல் நிற்கும். பாதையில்தான் சுவருக்கு இணையாக, அரை மீட்டர் தள்ளி, நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு விழத் தொடங்கும். மேலே புதுச் சரளை கொட்டி நிரப்பினால் அடுத்த மழைக்காலத்தில் அதே கோடு திரும்ப வரும், ஏனென்றால் இழப்பு அடியில் நடக்கிறது.

ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கான்கிரீட் பிளாக்குகள் பார்வைக்குச் சீராக இருப்பதாலும், இரண்டு பேர் கையாலேயே அடுக்கிவிடக் கூடியவை என்பதாலும் பலரையும் ஈர்க்கின்றன. மேட்டுப் பக்கத்தில், சுவருக்கு மேலுள்ள நிலம் சமமாக இருந்தால், பிளாக்கின் கனத்தைப் பொறுத்து ஒரு மீட்டர் வரை அவை தம் எடையாலேயே நிற்கலாம். பள்ளத்துப் பக்கத்தில் பிளாக் என்பது வெறும் முகம்தான். உண்மையில் தாங்குவது, அடுக்குகளின் இடையிலிருந்து பாதையின் அடிவரை விரியும் ஜியோகிரிட் என்னும் பிளாஸ்டிக் வலையும் அதன்மேல் இறுக்கிய மண்ணும் சேர்ந்த தொகுதி. வலையின் நீளம் உயரத்தில் 60 முதல் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வாகனச் சுமைக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கும். ஆகவே பாதையைப் புதிதாக நிரப்பிக் கட்டும்போது இது மிகச் சிறந்த வழி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாதைக்கு ஓரமாகக் கட்டுவதென்றால், பாதையில் பாதியைத் தோண்டி எடுத்து மீண்டும் நிரப்ப வேண்டியிருக்கும்.

இங்கே வேலையிடத்தில் நின்று பார்க்க வேண்டியவை இரண்டு. முதல் வரிசை பிளாக்கைத் தரைக்குக் கீழே, இறுக்கிய 15 சென்டிமீட்டர் ஜல்லிப் படுக்கையில், ஒவ்வொன்றாக ரசமட்டம் வைத்து அமர்த்த வேண்டும். அந்த வரிசையில் விட்ட சிறு பிழை மேலே போகப் போகப் பெருகும். இன்னொன்று வலையின் திசை. ஒரு திசையில் மட்டும் வலுவுள்ள ஜியோகிரிட்டை, சுருளைச் சுவரின் நீளத்துக்கு உருட்டி விரித்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் வலுவான இழைகள் சுவருக்கு இணையாகப் படுத்துவிடும். சுவரைப் பின்னால் இழுத்துப் பிடிக்க எதுவும் இருக்காது. துண்டு துண்டாக வெட்டி, சுவருக்குச் செங்குத்தாக, சுருக்கமின்றி இழுத்து விரிக்க வேண்டும். மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் படலங்களாகப் போட்டு இறுக்க வேண்டும். சுவரை ஒட்டிய ஒரு மீட்டருக்குள் கனமான ரோலர் வரக் கூடாது, அங்கே அதிர்தட்டு இயந்திரம் போதும். பின்னாளில் குழாய்க்கோ கேபிளுக்கோ பாதையைத் தோண்டுபவர் இந்த வலையை அறியாமல் அறுத்துவிடக்கூடும் என்பதால், வலை எங்கே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற வரைபடத்தை வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருப்பது அவசியம்.

இடம் குறுகலாகவும் உயரம் ஒன்றரை மீட்டருக்கு மேலும் இருந்தால், கம்பி கட்டிய கான்கிரீட் சுவருக்கு நிகராக வேறொன்றைச் சொல்ல முடியவில்லை. அதன் தண்டு, அதாவது நிமிர்ந்து நிற்கும் பகுதி, மெல்லியது. உயரத்தில் பாதி முதல் முக்கால் பங்குக்குள் வரும் அடித்தளத்தில், மண் பக்கம் நீளும் குதிப்பகுதிமேல் பாதையின் மண்ணே அமர்ந்து, சுவரைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கவனிக்க வேண்டியது கம்பியின் இடம். மண் தள்ளும்போது தண்டு வெளிப்பக்கம் வளைய முயல்வதால் இழுவிசை மண் பக்க முகத்தில்தான் வருகிறது. முதன்மைக் கம்பிகளும் அடித்தளத்திலிருந்து எழும் கம்பிகளும் அந்த முகத்தின் ஓரமாகவே நிற்க வேண்டும். வீட்டுச் சுவர் வேலை மட்டுமே பழகிய கைகள் கம்பியை நடுவிலோ வெளிமுகத்திலோ நிறுத்திவிடுவது உண்டு; கான்கிரீட் போட்டபின் அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது, சுவரின் அடியில் விரிசல் விடும்போதுதான் தெரியும். கான்கிரீட் தன் கணக்கிட்ட வலிமையை 28 நாளில் அடைவதாகக் கொள்கிறார்கள். அதற்குள் மண் நிரப்பி வண்டி ஏற்றும் அவசரமும் அதே விரிசலுக்கே இட்டுச்செல்லும். இந்தச் சுவரைப் பொறியாளரின் வரைபடமின்றிக் கட்டவே கூடாது. பல இடங்களின் கட்டட விதிகள் ஏறக்குறைய 1.2 மீட்டர் வரையிலான சுவர்களுக்கு அனுமதியிலிருந்து விலக்கு அளித்தாலும், மேலே வாகனச் சுமை இருந்தால் அந்த விலக்கு பொருந்தாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மரச் சுவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈர மண்ணை ஒட்டிய மரம், பாதுகாப்பு மருந்து ஏற்றியிருந்தாலும், காலப்போக்கில் இற்றுப்போகும். மேட்டுப் பக்கத்தில் முழங்கால் உயர ஓரக்கட்டுக்கு அது போதும், பாதையைத் தாங்க அது வேண்டாம். பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளில் ஊறியிருக்கும் கிரியோசோட் என்னும் தார் எண்ணெய், தோலுக்கும் மண்ணுக்கும் கெடுதலானது.

இடம் தாராளமாக இருப்பவர்கள் இன்னொரு போட்டியாளரையும் கணக்கில் எடுக்க வேண்டும்: பாதையை நகர்த்துவது. சுவரைத் தள்ளிச் சரிய முயலும் ஆப்பு வடிவ மண்ணின் மேல் அகலம், சாதாரண மணல் கலந்த மண்ணில் சுவர் உயரத்தில் பத்தில் ஆறு பங்கு அளவே இருக்கும். ஆகவே சக்கரத் தடத்தைச் சுவரின் விளிம்பிலிருந்து உயரத்தின் அளவுக்கு உள்ளே தள்ளிவிட்டால், வாகனச் சுமையின் பெரும்பகுதி சுவருக்கு வராது; பள்ளத்துப் பக்கச் சுவரும் ஏறத்தாழ மேட்டுப் பக்கச் சுவரைப்போல் ஆகிவிடும். இரண்டுக்கு ஒன்று (இரண்டு பங்கு கிடைநீளத்துக்கு ஒரு பங்கு உயரம்) என்ற சரிவில் மண்ணை விட்டுப் புல் வளர்க்கப் போதிய இடம் இருந்தால் சுவரே தேவைப்படாமல் போகலாம்.

இவற்றை எடைபோட்டு என் தேர்வைச் சொல்வதானால்: மேட்டுப் பக்கம் ஒரு மீட்டர் வரை நல்ல கையால் அடுக்கிய கல், கை கிடைக்காவிட்டால் பிளாக்; பள்ளத்துப் பக்கம் ஒன்றரை மீட்டருக்குள், ஓடுகிற பாதைக்குக் கம்பிக்கூடை, புதிதாக நிரப்பும் பாதைக்கு ஜியோகிரிட்டோடு பிளாக், அதற்கு மேல் பொறியாளர் வரைந்த கான்கிரீட். எதைக் கட்டினாலும், பள்ளத்துப் பக்கச் சுவரின் தலையைப் பாதையைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் உயர்த்திவிட வேண்டும். இல்லையெனில் சக்கரம் ஒதுக்கும் சரளை ஒவ்வொரு நாளும் விளிம்பைத் தாண்டிக் கொட்டும். பாதையின் மேற்பரப்பை மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் வீதம் சுவரிலிருந்து அப்பால் சரிய விட வேண்டும். மேட்டுப் பக்கச் சுவரானால், காலடிக்கும் பாதைக்கும் நடுவே ஓடும் வாய்க்காலைச் சுவரின் அடித்தளம் போடும்போதே திட்டமிட வேண்டும். பின்னால் தோண்டும் வாய்க்கால் அடித்தளத்தின் முன்மண்ணை எடுத்துவிடும், அந்த மண்தான் சுவரின் அடி வழுக்காமல் தடுத்துக்கொண்டிருப்பது.