ஆறு மணிக்குப் போனால்தான் கீரை

விவசாயிகளே தங்கள் காயை நேராக விற்கும் எங்கள் ஊர் உழவர் சந்தைக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். ஆறு மணிக்குள் போனால் பனி ஈரத்தோடு அரைக்கீரைக் கட்டு கிடைக்கும். எட்டுக்கு மேல் போனால் வதங்கிய முள்ளங்கிதான் மிச்சம்.

மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று முதல் உழவர் சந்தையைத் திறந்தார்கள். அரசு செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. விவசாயிக்கு அடையாள அட்டை, வாடகையில்லாத கடை, ஒரு தராசு, வாசல் பலகையில் அன்றைய விலை. தரகு கிடையாது. அந்தப் பலகை இருப்பதால் எனக்கும் பேரம் பேசும் வேலை இல்லை.

நான் வாடிக்கையாக வாங்குவது மூலைக்கடைப் பாட்டியிடம். அவர் கத்தரிக்காயின் காம்பில் முள் குத்தும். பிஞ்சாக நாலு பொறுக்கிப் போட்டுவிட்டு, "புளி கம்மியா ஊத்து கண்ணு" என்பார். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதைவிட நல்ல காய் நான் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. போன வாரம் ஒருவரிடம் புடலங்காய் எந்த ஊர்த் தோட்டம் என்று கேட்டேன். அவர் பக்கத்துக் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்! அட்டை யாருடையதோ, காய் மொத்தச் சந்தையிலிருந்து வந்ததோ. அதிகாரிகள் காலையில் ஒரு நடை வந்து பார்த்தால் தேவலை. கழிப்பறைக்கும் பாதி நாள் பூட்டு. விடியுமுன் பஸ் ஏறி வரும் பெண்கள் என்ன செய்வார்கள்?

அப்புறம், சில்லறை எடுத்துப் போங்கள். ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினால் பாட்டி முறைப்பார்.