பழைய வீடு வாங்கும் முன் யாரைக் கூட்டிப்போவது: ஆசாரியா, வங்கி மதிப்பீட்டாளரா, ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரா?

குமரி மாவட்டத்தில் பழைய வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்க்கிற அளவுக்குச் சுவரைப் பார்ப்பதில்லை. வில்லங்கச் சான்றிதழ் எடுப்பார்கள், தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவார்கள், மனையடி பார்க்கத் தனியாக ஆள் கூட்டி வந்து தட்சிணையும் கொடுப்பார்கள். கட்டுமானம் என்று வரும்போது மட்டும், கூட வந்த மாமா ஒருவர் சுவரை இரண்டு தட்டு தட்டி, "மக்களே, இது அந்தக் காலத்து வெட்டுக்கல்லு, இன்னும் நூறு வருசம் நிக்கும்" என்று சொல்லிவிட்டால் போதும். அட்வான்ஸ் கைமாறிவிடும்.

பிரிட்டனில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. அங்குள்ள சார்ட்டர்ட் சர்வேயர்கள் அமைப்பு வீட்டு ஆய்வை மூன்று நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பழைய வீடு, மாற்றிக் கட்டிய வீடு என்றால் மூன்றாம் நிலை, அதாவது விரிவான ஆய்வு. நம் ஊரில் அப்படி வழக்கம் இல்லாததால் நாமேதான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் இருக்கும் வழிகள் நான்கு: அனுபவமுள்ள தச்சு ஆசாரியையோ கொத்தனாரையோ கூட்டிப்போவது, வங்கிக் கடனுக்காக வரும் மதிப்பீட்டாளரின் அறிக்கையை நம்புவது, ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரிடம், அதாவது கட்டடத்தின் பலத்தைப் பார்க்கும் பொறியாளரிடம், விரிவான ஆய்வு கேட்பது, எதுவுமே வேண்டாம் என்று மண் விலைக்கு மட்டும் வாங்குவது.

எது நல்லது என்பது வீட்டைப் பொறுத்தது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து வெட்டுக்கல் (செம்பாறாங்கல்) சுவர், அயனியும் தேக்கும் போட்ட ஓட்டு வீடு ஒரு ரகம். 1970, 80-களில் வளைகுடாப் பணம் வந்தபோது எழும்பிய கான்கிரீட் வீடு இன்னொரு ரகம். முன்பக்கம் ஓடும் பின்பக்கம் கான்கிரீட்டுமாக ஒட்டுப்போட்டு வளர்ந்த வீடு மூன்றாவது. விற்பனைக்கு வருவதில் இந்த மூன்றாவது ரகத்தையும் நிறையப் பார்க்கலாம்.

ஆசாரியின் கண்

ஓட்டு வீட்டுக்கு நல்ல ஆசாரியை விட்டால் ஆள் இல்லை என்பது என் கட்சி. அவர் உள்ளே நுழைவதற்கு முன்பே தெருவில் நின்று முகட்டு வரியைப் பார்ப்பார். முகடு நடுவில் தொய்ந்திருந்தால் கீழே ஏதோ ஒரு கைமரமோ (ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) உத்தரமோ தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் உத்தரத்தின் முனை சுவருக்குள் புதையும் இடத்தைத் திருப்புளியால் குத்துவார். மரம் நடுவில் கெட்டுப்போவதைவிட முனையில் கெட்டுப்போவதுதான் அதிகம். சுவர் உறிஞ்சிய ஈரம் அங்கேதான் தங்கும், சிதலும் (கரையானும்) அந்த வழியாகத்தான் ஏறும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், குத்தினால் திருப்புளி ஓர் அங்குலம் உள்ளே போகும்.

மச்சு, அதாவது ஓட்டுக்குக் கீழே பலகை அடைப்பு, போட்ட வீடுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மச்சுப் பலகை கீழிருந்து பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கூரையின் எலும்புக்கூட்டையே மறைத்துவிடும். மச்சுக்கு மேலே ஏறிப் பார்க்காத ஆய்வு பாதி ஆய்வுதான். ஏணி வைக்க வழியில்லை என்று விற்பவர் சொன்னால், வழி செய்துதரச் சொல்லுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் எத்தனையோ கூரைகள் பிய்ந்தன, பல வீடுகளின் மேல் மரம் விழுந்தது. "ஒக்கியிலேயே ஒண்ணும் ஆகல்ல" என்பது விற்பவர் சொல்லும் பேச்சு. ஆகவில்லையா, ஆகி அவசரமாக ஓடு மாற்றினார்களா என்பதைக் கூரைக்கு அடியில் பார்த்தால் ஆசாரி சொல்லிவிடுவார். பழைய கைமரத்துக்குப் பக்கத்தில் புதுச் சட்டம் வைத்து ஆணியடித்திருப்பது ஒளிந்து நிற்காது.

ஆசாரியின் குறை மூன்று இடத்தில். எழுதித் தரமாட்டார், அதனால் விலை பேசும்போது காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. கான்கிரீட்டும் அஸ்திவாரமும் அவர் துறை இல்லை. மூன்றாவதுதான் பெரியது: பழுதுபார்க்கும் வேலை தனக்கே வரும் என்று நினைத்தால் குறையைப் பெரிதாக்குவார், புரோக்கரின் ஆள் என்றால் சிறிதாக்குவார். அதனால் பக்கத்து ஊர் ஆசாரியாகப் பார்த்து, வேலை உங்களுக்கு இல்லை, பார்த்துச் சொல்வதற்கு மட்டும் கூலி என்று முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

வங்கி மதிப்பீட்டாளர்

"பேங்க்காரன் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டான், லோன் சாங்ஷன் ஆகிவிட்டது, அப்போ வீடு நல்லாத்தானே இருக்கும்?" இந்தக் கணக்கு தப்பு. மதிப்பீட்டாளர் வங்கியின் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார். கடன் திரும்பி வராவிட்டால் இந்தச் சொத்தை என்ன விலைக்கு விற்கலாம் என்பதே அந்தக் கேள்வி. அளவு, எல்லை, பாதை, வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்து விற்பனை விலை, கட்டடத்தின் வயது, இவ்வளவும் அவர் அறிக்கையில் இருக்கும். கட்டணம் உங்கள் தலையில், அறிக்கை வங்கியின் பெயரில்.

கிராமத்து வீட்டில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. 15 சென்ட் தென்னந்தோப்புக்கு நடுவில் ஒரு பழைய ஓட்டு வீடு என்றால், மொத்த விலையில் பெரும்பங்கு மண்ணுக்குத்தான். கூரை முழுக்கச் சிதல் அரித்திருந்தாலும் மதிப்பீட்டாளர் போடும் தொகை பெரிதாக மாறாது. வங்கிக்கு அது போதும். அந்த வீட்டுக்குள் படுத்துத் தூங்கப்போகிற உங்களுக்குப் போதாது. மதிப்பீட்டாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் வேலை வேறு.

ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர்

தட்டு (கான்கிரீட் கூரை) வார்த்த வீடு, அதுவும் குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி என்று கடலை ஒட்டியது என்றால் ஆசாரியோடும் கொத்தனாரோடும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். உப்புக்காற்றில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி, கம்பியை அடைந்ததும் துரு பிடிக்க வைக்கிறது. துரு பிடித்த கம்பி பழைய அளவைவிடப் பருத்துவிடும். உள்ளே இடமில்லாமல் கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். தட்டின் அடிப்பக்கம் பூச்சு அடை அடையாகப் பெயர்ந்து விழுவது இதனால்தான். கட்டும்போதே கடல் மணலோ உப்புத் தண்ணீரோ கலந்திருந்தால் வெளியிலிருந்து உப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

விற்பதற்கு முன் இதைப் பூசி, பட்டி போட்டு, வெள்ளையடித்து மறைப்பது சுலபம். புதுப் பெயின்ட் அடித்த ஓட்டு வீட்டைவிட, புதிதாகப் பூசிய தட்டைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். என்ஜினியர் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். உள்ளே விட்டுப்போன இடம் பொள்ளலாகச் சத்தம் கொடுக்கும். அடுத்து கருவிகள். ரீபவுண்ட் ஹாமர் மேற்பரப்பின் கடினத்தை அளக்கும். அல்ட்ராசோனிக் கருவி ஒலி அலையை உள்ளே செலுத்தி, வெடிப்போ வெற்றிடமோ இருக்கிறதா என்று காட்டும். ஹாஃப் செல் சோதனை கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும். காப்பர் சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், அந்த இடத்தில் துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று வழிகாட்டு நெறி சொல்கிறது. எல்லாவற்றிலும் மலிவானது பினால்ப்தலின். ஓர் இடத்தில் கொத்தி, புதிதாகத் தெரியும் கான்கிரீட்டில் அந்தத் திரவத்தைத் தெளித்தால், காரத்தன்மை மிச்சமுள்ள பகுதி ரோஸ் நிறமாகும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு தின்றுவிட்ட பகுதி நிறம் மாறாது. கம்பியைத் துருவிலிருந்து காப்பது அந்தக் காரத்தன்மைதான், அதனால் நிறம் மாறாத பகுதி கம்பிவரை போய்விட்டதா என்பதுதான் கேள்வி.

ரீபவுண்ட் ஹாமர் மட்டும் வைத்து "வீடு ஸ்ட்ராங்" என்று எழுதிக் கொடுக்கிறவர்களிடம் கவனமாக இருங்கள். பழைய கான்கிரீட்டில் அந்தக் கார்பன் வேலை மேல்தோலை இறுக்கிவிடும். அதனால் கருவி உண்மையைவிடக் கூடுதல் எண்ணைக் காட்டும். அல்ட்ராசோனிக்கோ, பினால்ப்தலின் சோதனையோ சேராத ஹாமர் எண்ணுக்கு, வயதான வீட்டில் பெரிய மதிப்பில்லை.

வெடிப்பைப் படிப்பதும் அவர் வேலைதான். ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து ஏறும் வெடிப்பு அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைச் சொல்லலாம். நாஞ்சில் நாட்டில் வயலை நிரப்பிக் கட்டிய வீடுகளில் இதைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். தட்டுக்கு நேர் கீழே சுவரில் படுக்கையாக ஓடுவது பெரும்பாலும் வெயிலில் தட்டு நீண்டு சுருங்குவதால் வருவது, அவ்வளவு பயப்பட வேண்டாம். பழைய ஓட்டுப் பகுதியும் புதுக் கான்கிரீட் பகுதியும் சேரும் மூலையில் செங்குத்தாக ஒரு வெடிப்பு அநேகமாக இருக்கும். இரண்டு அஸ்திவாரமும் ஒரே வேகத்தில் இறங்காததே காரணம். வெடிப்பின் மேல் சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்து, சில வாரம் கழித்து அது உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது பழைய முறை, இன்றும் செல்லும்.

இனி அவருடைய குறை. கான்கிரீட் மட்டுமே படித்த என்ஜினியர் வெட்டுக்கல்லையும் மண் சுவரையும் சுண்ணாம்புக் காரையையும் கண்டால், "இடிச்சிட்டுக் கட்டுங்க சார்" என்று அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். வெட்டுக்கல் சுவரில் ஓதம், அதாவது தரையின் ஈரம், ஏறினால் சிமென்ட் பூசச் சொல்லுவார். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்து இன்னும் மேலே ஏற்றும். பழைய சுவரில் மூன்று, நான்கு அடி உயரத்துக்குப் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தால், அழகுக்காகவா ஓதத்தை மறைக்கவா என்று கேளுங்கள். என்ஜினியரிடமும் முதல் கேள்வி, இதற்கு முன் எத்தனை பழைய ஓட்டு வீடு பார்த்திருக்கிறீர்கள் என்பதாக இருக்கட்டும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் என்று தனி வகையே உண்டு. பிளான் வரைந்து கொடுப்பவர் எல்லோரும் அந்த வகையில் வரமாட்டார்கள்.

அறிக்கை உங்கள் பெயரில், கையெழுத்து முத்திரையோடு, படங்களோடு இருக்க வேண்டும். எதைத் திறந்து பார்க்க முடியவில்லை என்பதையும் அதில் எழுதியிருக்க வேண்டும். செலவைப் பார்த்து மலைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் ரூபாய்க்குப் பதிந்தால் 3 லட்சத்து 60 ஆயிரம் அங்கேயே போகிறது. என்ஜினியர் கட்டணம் அதில் ஒரு சிறு பங்குதான்.

மண் விலைக்கு வாங்குவது

இடித்துக் கட்டுவது என்று முடிவாகிவிட்டால் ஆய்வே வேண்டாம், சரி. பழைய தேக்கு, அயனி, ஓடு, கதவு நிலை எல்லாவற்றுக்கும் வாங்க ஆள் உண்டு, இடிக்கும் கூலியில் ஒரு பகுதி அதிலேயே கிடைத்துவிடும். ஆனால் புது வீட்டுக்கு எல்லையிலிருந்து விட வேண்டிய இடத்தை விட்டால் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒடுங்கிய மனையில் பழைய வீடு நிற்கிற இடத்திலேயே புதியதைக் கட்ட முடியாமல் போகலாம். கடற்கரை ஊர்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் வருகிறது. அங்கே "இடிச்சிட்டுக் கட்டிக்கலாம்" என்ற பேச்சை அனுமதி விவரம் தெரியும்வரை நம்ப வேண்டாம். இருக்கிற வீடு தாங்குமா என்ற கேள்வி அங்கேதான் ரொம்பப் பெரியது.

என் தேர்வு இதுதான். உள்நாட்டு ஓட்டு வீட்டுக்கு ஆசாரியும், வெடிப்பும் அஸ்திவாரமும் பார்க்க என்ஜினியர் ஒரு தடவையும் போதும், கருவிச் சோதனை வேண்டாம். ஒட்டுப்போட்ட வீட்டுக்கு இருவரும், இரண்டும் சேரும் இடத்தில் கூடுதல் நேரமும். கடலோரக் கான்கிரீட் வீட்டுக்கு முழுச் சோதனையோடு என்ஜினியர். வங்கி அறிக்கை கடனுக்கு மட்டும்.

எப்போது பார்ப்பது என்பதும் முக்கியம். விற்பவர்களுக்குப் பிடித்த மாதம் மாசி, பங்குனி. சுவர் காய்ந்து கிடக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து வீட்டை ஆனி, ஆடிச் சாரலிலோ, எந்த வீட்டையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழை விட்ட மறுநாளோ பாருங்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் எதுவரை தண்ணீர் வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். வீட்டுக்காரரைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் சரியாகச் சொல்வார்.

எல்லாம் அட்வான்ஸுக்கு முன்னால் நடக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத குறைக்குத்தான் அது பொருந்தும். கண்ணுக்குத் தெரிந்த வெடிப்பைப் பிறகு வழக்காக்க முடியாது.

தட்டைக் கொத்திச் சோதிக்க விற்பவர் சம்மதிக்காமல் போகலாம், அது நியாயமும்கூட. கொத்திய இடத்தை என் செலவில் பூசித் தருகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். அதற்கும் ஒத்துவராவிட்டால் சேதமில்லாத ஹாமர், அல்ட்ராசோனிக் சோதனைகளையாவது கேளுங்கள். அவற்றுக்கும் கதவு திறக்காவிட்டால், வீட்டுக்கு விலை போடாமல் சென்ட் கணக்கில் மட்டும் பேசுங்கள்.