நாலு வருடமாக சிபோர்: மனகோலம் உடைத்த கையெழுத்து

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடை. பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் கிளைகள். ஓரிடத்தில் முன்பணம் கட்டி எந்தக் கிளையிலும் கழித்துக்கொள்ளும்படி ஒரு சின்ன பணப்பரிமாற்ற நெறிமுறை எழுதிக் கொடுத்தேன். செய்தியை எந்த வடிவத்தில் அனுப்புவது என்று அப்போது யோசிக்கவே இல்லை. ஜேசன்தான் (JSON, தரவைக் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்தாக எழுதும் வடிவம்), வேறென்ன?

இரண்டாம் மாதமே கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். "ஐந்தொகை ஒரு பைசா இடிக்குது தம்பி." தொகையை ரூபாயில், புள்ளி வைத்து அனுப்பியிருந்தேன். 4.35-ஐ 100-ஆல் பெருக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி 434.99999999999994 என்கிறது, பின்னத்தை வெட்டினால் 434. ஒரு பைசாதானே என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றே எல்லாம் பைசாவில் முழு எண்ணானது.

அப்புறம் கையெழுத்துத் தகராறு. செய்தி வழியில் மாறவில்லை என்று உறுதி சொல்லும் டிஜிட்டல் கையெழுத்து, அதன் பைட்டுகளின் மேல்தான் போடப்படுகிறது. ஓர் இடைவெளி கூடினாலும், புலங்களின் வரிசை மாறினாலும் செல்லாது. வந்த பைட்டுகளை அப்படியே வைத்துச் சரிபார்த்திருந்தால் பாதித் தலைவலி போயிருக்கும். நானோ தரவுத்தளத்தில் பிரித்துப் போட்டு, மறுபடி கட்டிச் சரிபார்த்தேன். கூகுளின் செய்தி வடிவமான புரோட்டோபஃப் பார்த்தேன். ஒரே செய்தி எப்போதும் ஒரே பைட்டுகளாக வரும் என்று நம்பாதே என அதன் ஆவணமே எச்சரிக்கிறது. ஜேசனை ஒழுங்குபடுத்த ஆர்எஃப்சி 8785 என்ற இணைய நெறி ஆவணம் இருக்கிறது, ஆனால் எண்களை ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிற மாதிரியே எழுத வேண்டும். கிளையில் இருந்த குட்டிக் கருவிக்கு அது பாரம். கடைசியில் சிபோர் (CBOR), ஜேசன் மாதிரித் தரவையே எழுத்தாக இல்லாமல் நேரடி பைட்டுகளாக எழுதும் வடிவம். 2020-இல் வந்த ஆர்எஃப்சி 8949, ஒரே தரவுக்கு ஒரே பைட் வரிசை கிடைக்க விதி சொல்கிறது. நான் எடுத்த நிரல் நூலகத்தில் அந்த விதியை நாமாக இயக்க வேண்டியிருந்தது, அதில் ஒரு வாரம் போனது. 43500 பைசா ஜேசனில் ஐந்து பைட், இதில் மூன்று. நான் மாறியது அதற்காக இல்லை.

எல்லாம் சரி என்று உட்கார்ந்தபோது தேவகோட்டையில் மட்டும் மனகோலம் என்ற செட்டிநாட்டுப் பலகாரத்தின் பில்லில் கையெழுத்து செல்லவில்லை! பலகாரப் பெயரை ஒவ்வொரு கிளையும் தன் பட்டியலிலிருந்து எடுக்கும். 'கோ'வின் துணையெழுத்து ஒரு பட்டியலில் ஒரே குறியீடு, மூன்று பைட். இன்னொன்றில் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனி, ஆறு பைட். திரையில் இரண்டும் ஒன்றுதான். சிபோர் இதைத் தீர்க்காது, யூனிகோடின் என்எஃப்சி முறையில் (பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) நாமே ஒழுங்குபடுத்த வேண்டும். முறுக்குக்கு இந்தத் தொல்லை வரவேயில்லை.

இன்றும் எனக்குள்ள ஒரே குறை, லாக் (செய்திப் பதிவேடு) கண்ணுக்குப் படிக்க வராது. "என்ன வந்துச்சு, காட்டுங்க தம்பி" என்று கணக்குப்பிள்ளை கேட்டால் பதினாறடிமான எண்களையா காட்டுவது? பார்ப்பதற்கென்று மட்டும் ஒரு ஜேசன் நகல் வைத்திருக்கிறேன். அதில் கையெழுத்து கிடையாது.