ஆறு வயசுல முளைக்கிற கடவாப்பல்லுக்கு சீலண்ட் – பாறசாலை பக்கம் போட்டது, என் ரிவியூ

எங்க மகளுக்கு நாலு கடவாப்பல்லுலயும் சீலண்ட், அதாவது பல்லு சொத்தையாகாம இருக்க மேல போடுத ஒரு பூச்சு, போட்டாச்சு, களியக்காவிளை தாண்டி கேரளாவுல பாறசாலை பக்கம் உள்ள ஒரு சின்ன பல்லு கிளினிக்ல. ரொம்ப நல்லா பண்ணியிருக்காங்க. மார்த்தாண்டம், குழித்துறை சைடுல நெறைய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குதுன்னே தெரியல, பல்லு சொத்தையாகி பிள்ளை ராத்திரி பூரா அழுத பொறவுதான் டாக்டரத் தேடுதாங்க, அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுதேன்.

பிள்ளையளுக்கு ஆறு வயசு வாக்குல பால்பல்லு வரிசைக்குப் பின்னாடி மேல ரெண்டு கீழ ரெண்டுன்னு கடவாப்பல்லு முளைக்கும். எந்தப் பல்லும் விழாம வாறதுனால வீட்டுல இதையும் பால்பல்லு கணக்குல சேத்துருவாங்க. எங்க அத்தையும் விழப்போற பல்லுக்கு எதுக்கு காசச் செலவழிக்கணும்னுதான் கேட்டாங்க. ஆனா அது கடைசி வரைக்கும் இருக்க வேண்டிய பல்லு, போச்சுன்னா அந்த இடத்துல வேற முளைக்காது.

டாக்டர் சின்னக் கண்ணாடிய வாய்க்குள்ள வச்சு காட்டினாங்க. அந்தப் பல்லோட மேல்பக்கம் பூரா பள்ளமும் கோடுமா இருக்கு, சில கோடு பிரஷ்ஷோட ஒரு நாரு கூட உள்ள போகாத அளவுக்கு ஒடுக்கம். பிஸ்கட்டு, சிப்ஸு எது தின்னாலும் மாவு அங்க போயி அடைஞ்சுக்கிடும், பாக்டீரியா அதத் தின்னு ஆசிட் விடும், ஆசிட்டு பல்லோட மேல்தோடான எனாமல அரிக்கும். நெலச்ச பல்லுல வாற சொத்தையில பத்துக்கு ஒம்பது பின்பல்லுலதான் வருதுன்னு அமெரிக்காவோட நோய்த்தடுப்பு மையமான சிடிசி சொல்லுது, அந்தக் கோடுகளப் பாத்தா ஏன்னு புரியும். சீலண்டு அந்தப் பள்ளத்த மேல இருந்து மூடிருது, அவ்வளவுதான் அதோட வேலை.

ஊசி கெடையாது, டிரில் கெடையாது. முதல்ல பல்ல நல்லா கிளீன் பண்ணி, கன்னத்துப் பக்கம் பஞ்சு உருட்டி வச்சு, ஒரு நீலக் கலர் ஜெல்லு தடவினாங்க. பாஸ்பாரிக் ஆசிட், கொஞ்ச நேரம் வச்சுட்டு தண்ணி அடிச்சுக் கழுவி காத்தடிச்சு காய வச்சா அந்த இடம் மட்டும் பளபளப்பு போயி சாக்பீஸ் கணக்கா வெள்ளையாயிரும். அந்த சொரசொரப்புலதான் சீலண்டு புடிக்குமாம், இந்த ஆசிட் வழிய 1955லயே பியூனோகோர்னு ஒருத்தர் கண்டுபுடிச்சுருக்காரு. பொறவு சீலண்ட சொட்டு விட்டு நீல லைட்டு அடிச்சாங்க, உடனே இறுகிருச்சு.

எனக்கு இவங்க மேல நம்பிக்கை வந்தது ஒரு விஷயத்துலதான். கீழ இடது பல்லு காஞ்சு ரெடியா இருக்கும்போது மக நாக்க அசைச்சுட்டா, எச்சி பட்டுருச்சு. டாக்டர் அப்படியே நிறுத்தி, "சாரமில்ல மோளே, ஒண்ணுகூடி செய்யாம்"னு (பரவாயில்ல மோளே, இன்னொருக்க செய்யலாம்னு) மலையாளத்துல சொல்லி பஞ்ச மாத்தி, மறுபடி கழுவி, ஜெல்லயும் மறுபடி போட்டுட்டுதான் சீலண்டு வச்சாங்க. எச்சி பட்ட பல்லுல அப்படியே ஊத்திட்டா சீக்கிரமே பேந்து வந்துரும், அவசரப்படுத இடத்துல இதெல்லாம் யாரு பாக்காங்க? கடைசில கலர் பேப்பர கடிக்க வச்சு உயரம் சரியா இருக்கான்னும் பாத்தாங்க, கூர்மையான கம்பிய வச்சு எங்கயாவது பிரியுதான்னும் நோண்டிப் பாத்தாங்க.

ஒரு பல்லுக்கு எழுநூறு ரூபா வாங்கினாங்க. சும்மா சொல்லக்கூடாது, பொறவு வேர் வரைக்கும் சொத்தை எறங்கி ரூட் கெனால் வரை போனா ஆகுத செலவுக்கு இது ஒண்ணுமே இல்ல.

கொறைன்னா சாயங்காலம் போனா ரொம்ப நேரம் இருக்கணும், உக்கார நாலு சேருதான், களியக்காவிளை ஜங்ஷன் டிராபிக் வேற. ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டணும்னு வாயால சொன்னாங்களே தவிர கார்டுல தேதி எழுதித் தரல, அது கட்டாயம் தரணும். ஏன்னா சீலண்டு தேயும், ஓரம் பேரும், அத கவனிச்சு திரும்பப் போட்டாதான் பிரயோஜனம். சிடிசி கணக்குப்படி ரெண்டு வருஷம் வரைக்கும் பின்பல்லு சொத்தையில 80% தடுக்கும், நாலு வருஷம் வரைக்கும் 50%.

இதப் போட்டுட்டு பல்லு தேய்க்காம விடலாம்னு யாரும் நெனச்சுராதீங்க. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல சீலண்டு ஒண்ணும் செய்யாது, அங்க புளோரைடு பேஸ்ட்டும் பிரஷ்ஷும் பல்லிடுக்கு கிளீன் பண்ணுத நூலும்தான் வேலை செய்யணும். ஏற்கனவே குழி விழுந்த பல்லுக்கும் இது ஆகாது, அதுக்கு பில்லிங்தான்.

எங்க சின்னவனுக்கு இப்பதான் பின்னாடி ஈறு தடிச்சு வருது, பல்லு முழுசா வெளிய வந்ததும் அவனையும் அங்கதான் கூட்டிட்டுப் போவேன். பெரியவளுக்கு பன்னெண்டு வயசுல அடுத்த செட்டு கடவாப்பல்லு முளைக்கும், அதுக்கும் போடணும்.