ஒரு சர்வர் கேட்டால் எத்தனை நாள்? சொந்த அறையா, வாடகை ரேக்கா, கிளவுடா?

ஒரு கம்பெனியின் ஐடி துறை எவ்வளவு சுறுசுறுப்பு என்று பார்க்க நான் கேட்பது ஒன்றுதான்: டெவலப்பர் திங்கட்கிழமை காலை ஒரு சர்வர் கேட்டால், எப்போது கைக்கு வரும்?

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஏழு வாரம். மூன்று கொட்டேஷன், மூன்று கையெழுத்து, பர்ச்சேஸ் ஆர்டர். பெட்டி வந்து இறங்கிய பிறகும், சர்வர்களை அடுக்கும் அலமாரியான ரேக்கில் மாட்டும் ரெயில் வரவில்லை என்று நாலு நாள் ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டியோடு கிடந்தது. ஒரு சர்வரையே பல மெய்நிகர் மெஷின்களாகப் பிரித்துத் தரும் விஎம்வேர் மென்பொருளைப் போட்டதும் மெஷின் பத்து நிமிடத்தில் தயார். ஆனால் நெட்வொர்க்கின் காவல் கதவான ஃபயர்வாலில் ஒரு போர்ட் (வழி) திறக்க வியாழக்கிழமை மீட்டிங் வரை காத்திருக்க வேண்டும்!

சொந்த சர்வர் அறையின் தொல்லை இரும்பு, அதாவது சர்வர் பெட்டி, மட்டுமல்ல. யுபிஎஸ் பேட்டரி, ஏசி, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் நம் தலையில். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டு, இனி சந்தா மட்டும்தான் என்றது. சொந்த வீடு என்று நினைத்திருந்தவர்கள் கையிலும் வாடகை ரசீது. விஎம்வேருக்கு மாற்றான பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் பலர் எட்டிப் பார்ப்பது அதனால்தான்.

இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்தான் கிளவுட். அதற்கு வக்காலத்து வாங்குபவர்கள் முதலில் எடுப்பது நெட்ஃபிளிக்ஸ் கதை. 2008 ஆகஸ்டில் டேட்டாபேஸ் கெட்டு மூன்று நாள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியாமல் போக, அமேசான் கிளவுடுக்கு மாற முடிவெடுத்தார்கள். வேலை முடிந்தது 2016 ஜனவரியில். இருந்ததை அப்படியே தூக்கிவைக்காமல் மென்பொருளையே திருப்பி எழுதினார்கள். ஏழு வருடம் அதற்குத்தான். இதில் பலர் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. நாம் பார்க்கும் வீடியோ அமேசானிலிருந்து வருவதில்லை. ஓப்பன் கனெக்ட் என்ற நெட்ஃபிளிக்ஸின் சொந்தப் பெட்டிகளிலிருந்து வருகிறது. அவற்றில் பல, இணைய சேவை நிறுவனங்களின் வளாகத்திலேயே இருக்கின்றன. ஏறி இறங்கும் வேலைக்கு வாடகை, ஓயாமல் ஓடும் பாரத்துக்குச் சொந்தம் என்று பிரித்துக்கொண்டார்கள்.

எதிர்த் திசையில் போனது பேஸ்கேம்ப் என்ற வேலை மேலாண்மை ஆப்பை நடத்தும் 37சிக்னல்ஸ். 2022இல் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் கட்டியவர்கள், 2023இல் சுமார் 6 லட்சம் டாலருக்கு டெல் சர்வர் வாங்கி முக்கிய ஆப்களை வெளியே கொண்டுவந்தார்கள். அதற்காகக் கட்டடம் கட்டவில்லை, கூடுதலாக ஆள் எடுக்கவும் இல்லை. வேறொருவரின் டேட்டா சென்டரில் ரேக்தான் எடுத்தார்கள். ஃபைல் சேமிக்கும் சேவையான டிராப்பாக்ஸும் அமேசானிலிருந்த பெரும்பகுதி ஃபைல்களைச் சொந்த இயந்திரங்களுக்கு மாற்றி, இரண்டு வருடத்தில் 7.46 கோடி டாலர் செலவைக் குறைத்தது.

வேறொருவரின் டேட்டா சென்டரில் ரேக்கை வாடகைக்கு எடுத்து நம் சர்வரை மாட்டும் இந்த நடுவழியைத்தான் கோலோ (கோலொகேஷன்) என்கிறோம். சென்னைக்காரர்களுக்கு அம்பத்தூர், சிறுசேரி. கரண்ட், குளிர், காவல் அவர்கள் பொறுப்பு. டிஸ்க் போனால் நம் பொறுப்பு. புது இரும்பு வர வாரக்கணக்கு ஆவது இங்கும் மாறாது. ரெண்டு சர்வரை உபரியாக மாட்டி, டெவலப்பர் தானே மெஷின் எடுத்துக்கொள்ள வழிசெய்துவிட்டால் அன்றாட வேலையில் கிளவுடுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

கிளவுடில் ஆரம்பிக்க ஆயிரம் பேர், அணைக்க ஆளில்லை. வாரத்துக்கு 168 மணி நேரம். டெவலப்பர் உட்காருவது ஐம்பது. மீதி 118 மணி நேரமும் டெஸ்ட் சர்வருக்கு மீட்டர் ஓடும். டேட்டா உள்ளே வர இலவசம், வெளியே போகக் காசு.

பரீட்சை ரிசல்ட், தீபாவளி சேல் மாதிரி ஒரே நாளில் கூட்டம் அம்முவதற்கு நான் யோசிக்காமல் கிளவுட் என்பேன். சம்பளப் பட்டியல், கணக்கு-சரக்கு எல்லாம் பார்க்கும் ஈஆர்பி மென்பொருள் போல மாதா மாதம் ஒரே அளவில் ஓடுவதற்கு கோலோ. சொந்த அறை, நெட் அறுந்தாலும் உற்பத்தி லைன் நிற்கக்கூடாத ஃபேக்டரிக்கு மட்டும்.

அந்தப் பழைய கம்பெனியும் பிறகு கிளவுடுக்குப் போனது. சர்வர் கேட்டு நிரப்பும் டிக்கெட் ஃபார்ம் மாறவில்லை, மூன்று கையெழுத்தும் மாறவில்லை. மெஷின் எழும்ப இரண்டு நிமிடம், டெவலப்பர் கைக்கு வரப் பன்னிரண்டு நாள்.