இ.ஜி.ஆர் வால்வு: கழுவுவதா, மாற்றுவதா, அடைப்பதா?

பழைய ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்டோ மாதிரி 1.3 மல்டிஜெட் டீசல் வண்டிகளில் கரும்புகை, பிக்கப் குறைவு, செக் இன்ஜின் லைட் மூன்றும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் இ.ஜி.ஆர் வால்வு மேல்தான். எரிந்த வாயுவில் ஒரு பங்கை மறுபடி இன்டேக்குக்கு, அதாவது இன்ஜின் காற்று இழுக்கும் வழிக்குத் திருப்பி, எரியும் வெப்பத்தைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது அதன் வேலை. புகைக்கரியும் கிராங்க்கேஸ் ஆயில் ஆவியும் கலந்து தார் மாதிரி ஒட்டும்போது வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும்.

வால்வுக்கு வாயு வரும் வழியைத் தகடு வைத்து அடைப்பது மலிவு. பிக்கப் உடனே திரும்பும். சிக்கிய வால்வின் கசிவு நின்றதால் வந்த பலன் அது, கழுவினாலும் கிடைக்கும். ஆனால் ஈ.சி.யு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வால்வைத் திறக்கச் சொல்லிவிட்டு, உள்ளே வரும் புதுக் காற்று குறைகிறதா என்று ஏர் ஃப்ளோ சென்சாரில் பார்க்கும். குறையாவிட்டால் பி0401 (இ.ஜி.ஆர் ஓட்டம் போதவில்லை) என்ற கோளாறு கோடு பதிவாகும், செக் இன்ஜின் லைட்டும் எரியும். சில வண்டிகளில் பவரும் கட்டுப்படும். 'புகைச் சோதனையில் பாஸ் ஆகிறதே' என்பார்கள். டீசலுக்கு அங்கே பார்ப்பது புகை அடர்த்தியை மட்டும், நைட்ரஜன் ஆக்சைடை அல்ல. மாசு விதியை மீறிய வண்டிக்கு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டம் 190(2) இடம் தருகிறது.

வால்வின் மோட்டார் உயிரோடு இருந்தால் கழுவுவதே சரி. இன்ஜின் ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கனெக்டரையும் போல்ட்டுகளையும் எடுங்கள். மோட்டார் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, கார்புரேட்டர் கிளீனர் அடித்து 20 நிமிடம் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். முழுதாக முக்கினால் மோட்டார் போகும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பான சீட் கீறும், அப்புறம் மூடவே மூடாது. கேஸ்கெட் புதிதாகத்தான் போட வேண்டும்.

வால்வின் மின்சுற்றுக் கோளாறைக் காட்டும் பி0403 கோடு வந்தால் முதலில் வயரையும் கனெக்டரையும் பாருங்கள். அவை நன்றாக இருந்தும் ஸ்கேனர் கட்டளைக்கு வால்வு அசையவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். கூலன்ட் குறைந்து வெள்ளைப்புகையும் வந்தால், திரும்பி வரும் வாயுவைக் கூலன்டால் குளிர்விக்கும் இ.ஜி.ஆர் கூலரைச் சோதியுங்கள். அது உள்ளே கசிந்தால் வால்வைக் கழுவிப் பயனில்லை.

புது வால்வு போட்டும் பிக்கப் வராத வண்டிகளில் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிப் பாருங்கள். கரி அங்கேயே பாதி வழியை அடைத்திருக்கலாம்.